‘ஆகவே’ என்று எழுதும் முன்...

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு. பத்தாம் வகுப்பு, தமிழ். கட்டுரைத் தலைப்பு, மரம் வளர்ப்பு. அடுத்தடுத்த இரண்டு தாள்களைத் திருத்தும்போது என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. இரண்டிலும் முடிவுரை ஒன்றே. ஐந்து வரி, வார்த்தைக்கு வார்த்தை. அது மட்டுமா? ‘சுற்றுச்சூழல்’ என்பதை இருவருமே நடுவில் ஒற்று இல்லாமல் ‘சுற்றுசூழல்’ என்று எழுதியிருந்தார்கள். தேர்வறையில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தவர்கள்.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மறுநாள் வகுப்பில், பின்னால் உட்கார்ந்திருந்தவளை எழுப்பி நிறுத்தினேன். “பார்த்துத்தானே எழுதினே?” தலையைக் குனிந்துகொண்டாள். பதில் இல்லை. பதில் சொல்லாததையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். கட்டுரைக்கு உண்டான மதிப்பெண்ணை எல்லார் முன்னாலும் அடித்தேன். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் வேறொரு பிரிவின் கட்டுரை நோட்டுகள் என் மேஜைக்கு வந்தன. அங்கேயும் அதே ஐந்து வரி. அதே ‘சுற்றுசூழல்’. இந்தப் பெண் தேர்வு எழுதியது வேறு கட்டடத்தில். கூப்பிட்டுக் கேட்டேன். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து நீட்டினாள். டியூஷனில் கொடுத்தது. ஐந்து வரியும் அதில் அச்சாகவே இருந்தது, விட்டுப்போன ஒற்று உட்பட.

மூன்று பேரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஒருவரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. அந்த வகுப்பறையில் தப்பான முடிவுக்கு வந்தது ஒரே ஆள், ‘காரணம் காட்டி எழுதுங்கள்’ என்று பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த நான்.

முடிவு முதலில், காரணம் பிறகு

ஏன் இப்படி நடக்கிறது என்று அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். கட்டுரை என்றால் நம் பிள்ளைகள் முதலில் நெட்டுருப் போடுவது முன்னுரையையும் முடிவுரையையும்தான். நடுவில் வருவதை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். தலையும் வாலும் பத்திரமாக இருந்தால் போதும். அதாவது, யோசிக்கத் தொடங்கும் முன்பே முடிவு தயார். இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்.

செல்போனைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரை நினைவுக்கு வருகிறது. அம்மா செல்போனைப் பார்த்துத்தான் பிளவுஸ் வெட்டக் கற்றுக்கொண்டாராம். அப்பா நெல் விலை பார்ப்பது அதில். அக்காவின் கல்லூரி விண்ணப்பம் போனது அதில். துபாயில் இருக்கும் மாமாவின் குழந்தையை ஆயா தினமும் பார்ப்பதும் அதில்தான். உயிரோட்டமான இரண்டு பக்கம். கடைசியில், “ஆகவே மாணவர்களாகிய நாம் செல்போனைத் தொடாமல் இருந்து நாட்டை முன்னேற்றுவோம்!”

சிரிக்காதீர்கள். அதற்கு முழு மதிப்பெண் போட்டவள் நான். ‘ஆகவே’ என்ற சொல் எனக்கும் உறைக்கவில்லை. மேலே சொன்னதிலிருந்து இது கிடைக்கிறது என்று அந்தச் சொல் வாக்குக் கொடுக்கிறது. எங்களுக்கோ அது மணி அடிப்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

பிறகு ஒரு பருவம் முழுக்க முடிவுரை எழுதவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் ஒரே கைதட்டல். பதிலாக, நானே கற்பனையாக எழுதிய சின்னச் சின்னப் பத்திகளைக் கரும்பலகையில் போடுவேன். அதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஒன்று இப்படி: ‘ஒரு பள்ளியில் ஒரு வாரத்தில் 20 பேர் தாமதமாக வந்தார்கள். அவர்களில் 14 பேர் ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள்.’

உடனே கைகள் உயர்ந்தன. “அந்த பஸ் லேட்டா வருது மிஸ்.” “டிரைவர் சரியில்லை.” “அந்த ஊர்ப் பிள்ளைங்க சோம்பேறிங்க!” (இதைச் சொன்னவளுக்கும் அந்த வரிசையில் உள்ள ஒரு ஊர்க்காரிக்கும் சண்டையே வந்துவிட்டது.) கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். “அந்த பஸ்ஸில மொத்தம் எத்தனை பேர் மிஸ் வர்றாங்க?”

அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பத்தியையே எழுதியிருந்தேன். பள்ளியில் மொத்தம் 100 பிள்ளைகள், அதில் 70 பேர் அந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100க்கு 70 என்றால் 20க்கு எத்தனை? 14! அப்படியானால் அந்த பஸ்ஸில் வருகிறவர்களும் மற்றவர்களைப் போலவேதான் தாமதமாகிறார்கள். பஸ்ஸின் மேல் தனியாகப் பழி சொல்ல அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. அதுவே, பஸ்ஸில் வருவது மொத்தம் 20 பேர்தான் என்றால் கதை வேறு. மொத்தம் தெரியாதவரை வாயைத் திறக்காமல் இருப்பதே சரி. பத்தியில் ‘மொத்தம்’ எழுதப்படவில்லை என்பதைக் கவனித்தவள் நாற்பது பேரில் ஒருத்திதான். நானாக இருந்தால் கவனித்திருப்பேனா என்பது சந்தேகம்.

மணிமேகலையின் அடுக்களை

இதற்கு வெளிநாட்டுப் புத்தகம் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆம் காதை முழுவதும் ஏறக்குறைய இதே பாடம்தான். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறார். காப்பியத்தில் அட்சய பாத்திரத்தைப் படிக்கிற அளவுக்கு இதை யாரும் படிப்பதில்லை. கொஞ்சம் கரடுமுரடான பகுதிதான், ஒப்புக்கொள்கிறேன்.

அதில் வரும் எடுத்துக்காட்டு ரொம்ப எளிது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். அது ‘பக்கம்’, அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ஏன் அப்படிச் சொல்கிறாய்? புகை தெரிகிறதே! அது ‘ஏது’, காரணம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? அடுக்களையில் பார்க்கிறோமே! அது ‘திட்டாந்தம்’, தெரிந்த எடுத்துக்காட்டு. அதோடு விடவில்லை. நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதற்குத் தண்ணீரையும் காட்டுகிறது நூல்.

இதை வகுப்பில் சொன்னதும் ஒருத்தி எழுந்தாள். “எங்க வீட்டு அடுக்களையில புகையே வராது மிஸ். கேஸ் அடுப்பு.” வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கேஸ் வந்ததால் மணிமேகலையின் வாதம் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். பத்து நிமிஷம் சலசலப்பு. கடைசியில் அவர்களே பிடித்துவிட்டார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்றுதான் நூல் சொல்கிறது. நெருப்பு இருந்தால் புகை வரும் என்று சொல்லவில்லை. முதலாவது ஒரு திசை. இரண்டாவது எதிர்த்திசை. ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதும் தானாகக் கிடைத்துவிடாது.

அன்று கரும்பலகையில் இன்னொரு வாக்கியத்தையும் எழுதினேன். ‘ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து எழுதினால் இரண்டு தாளும் ஒன்றுபோல் இருக்கும்.’ சரி. ‘இரண்டு தாளும் ஒன்றுபோல் இருக்கின்றன, ஆகவே பார்த்து எழுதியிருக்கிறாள்.’ இதுதான் திசை மாறிய ஓட்டம். நான் செய்தது அதுதான். பின்னால் உட்கார்ந்த அந்தப் பெண் வகுப்பில்தான் இருந்தாள். அவள் பெயரைச் சொல்லி, என் கணக்குத் தப்பு என்று சொல்லி, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அடித்தது எல்லார் முன்னாலும் அல்லவா?

“மலையில பனிமூட்டம் இருந்தா?” என்று கொடைக்கானலுக்குச் சுற்றுலா போய்வந்த ஒருத்தி கேட்டாள். அதையும் மணிமேகலை விட்டுவைக்கவில்லை. ஆவியா, பனியா என்ற ஐயம் இருக்கும்போதே புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவதை ஒரு குற்றமாகவே சொல்கிறது. இப்படிப் போலிக் காரணங்கள் மட்டும் 14 வகை. போலிக் கூற்று 9, போலி எடுத்துக்காட்டு 10. பெயர்களைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றவில்லை. அதையும் நெட்டுருப் போட்டுவிடுவார்கள்!

அதே காப்பியத்தில் வஞ்சியில் நடக்கும் 27ஆம் காதையில், ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவதும் வருகிறது. நாங்கள் இருப்பது காவிரிக் கரை. “நம்ம ஆத்துல தண்ணி வந்தா மேல மழை பெஞ்சதுன்னு அர்த்தமா?” என்றேன். “இல்லை மிஸ், மேட்டூர்ல ஷட்டரைத் திறந்துட்டாங்கன்னு அர்த்தம்” என்றது வகுப்பு, ஒரே குரலில். அந்தக் காலத்து ஆற்றுக்கு நடுவில் 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை இல்லை. இன்று ஜூன் நடுவில் கல்லணையைத் தாண்டித் தண்ணீர் வந்தால், வழக்கமான ஜூன் 12 திறப்பு முதலில் நினைவுக்கு வர வேண்டும். வாதத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது, உலகம் மாறியிருக்கிறது. ‘வேறு எதனால் இப்படி இருக்கக்கூடும்?’ என்ற கேள்வியை அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ‘மேட்டூர்க் கேள்வி’ என்றே சொல்கிறோம்.

‘தான்’ என்பதும் ‘உம்’ என்பதும்

எழுத்துக்கு வருகிறேன். சரியாக யோசித்தவள்கூட எழுதும்போது வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ‘செல்போன்தான் காரணம்’, ‘செல்போனும் ஒரு காரணம்.’ இரண்டையும் பாருங்கள். முதல் வாக்கியம் மற்ற காரணங்களுக்கெல்லாம் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது திறந்தே வைக்கிறது. முதலாவதை எழுதினால் மற்றவை காரணம் அல்ல என்று காட்டும் பொறுப்பும் உன்னுடையது. தேற்ற ஏகாரம், எச்ச உம்மை என்று இலக்கணத்தில் நடத்துகிறோமே, அவை தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவுக்காக வந்தவை அல்ல. எவ்வளவு தூரம் சொல்லலாம் என்று அளக்கிற தராசு அவை. இப்போது கட்டுரை திருத்தும்போது ‘தான்’, ‘எல்லாரும்’, ‘எப்போதுமே’, ‘ஒருபோதும்’ எல்லாவற்றையும் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘தாங்குமா?’ என்று மட்டும் எழுதுகிறேன்.

மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்க, வியன்னாவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்வேன். 1840களில் அந்த நகரத்துப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் பயிற்சி பெறும் மருத்துவச்சிகள். முதல் பிரிவில் 100க்கு ஏறக்குறைய 10 தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். இரண்டாவதில் 100க்கு நாலுக்கும் குறைவு. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சுவார்களாம். அங்கே வேலைக்குச் சேர்ந்த இளம் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் ஒவ்வொரு காரணமாக எடுத்து மேட்டூர்க் கேள்வி கேட்டார். கூட்ட நெரிசலா? இரண்டாவது பிரிவில்தான் கூட்டம் அதிகம். தட்பவெப்பமா? இரண்டும் ஒரே கட்டடத்துச் சங்கதி. சாகக் கிடப்பவர்களுக்காக மணி அடித்துக்கொண்டு வரும் பாதிரியாரைப் பார்த்த பயமா? அவரை வேறு வழியாக, மணி இல்லாமல் வரச் சொன்னார். சாவு குறையவில்லை. பிரசவத்தின்போது படுக்கும் நிலையா? அதையும் மாற்றிப் பார்த்தார். பயனில்லை.

1847இல் அவருடைய நண்பரான பேராசிரியர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது மாணவனின் கத்தி கையில் பட்டு இறந்துபோனார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள் அந்தத் தாய்மார்களின் உடலில் கண்டவற்றைப் போலவே இருந்தன. மாணவர்கள் பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறவர்கள். மருத்துவச்சிகள் அப்படி அல்ல. மே மாதம் முதல் குளோரின் சேர்த்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் இரண்டுக்குப் பக்கமாக இறங்கியது.

இங்கேதான் பிள்ளைகளை நிறுத்துவேன். “என்ன முடிவு எழுதுவீங்க?” எல்லாரும், “பிணத்துல இருந்து வர்றதுதான் காரணம்.” ‘தான்’! அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அதே வருஷம் அக்டோபரில் கருப்பைப் புற்றுநோயுள்ள ஒரு பெண்ணை முதல் கட்டிலில் சேர்த்தார்கள். அவளைப் பரிசோதித்த கைகள் கரைசலில் கழுவப்படாமல் வரிசையாக மற்றவர்களைத் தொட்டன. அந்தப் பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் இறந்தார்கள். பிணம் மட்டும் அல்ல, உயிருள்ள உடலில் அழுகும் பொருளும் இதைச் செய்யும் என்று தன் முடிவை அவர் விரித்துக்கொண்டார். கிருமி பற்றிய அறிவு வேரூன்றாத காலம் அது. கண்டது எவ்வளவோ அவ்வளவு சொல்லி, புதிதாகக் கண்டதும் திருத்திக்கொண்டார்.

இவ்வளவு நன்றாக யோசித்தவர் எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார் என்பதுதான் சோகம். அவருடைய புத்தகம் வர 1861 ஆகிவிட்டது. நீண்ட, சொன்னதையே திரும்பச் சொல்கிற புத்தகம். ஏற்காதவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடிப் பகிரங்கக் கடிதங்கள் வேறு. 1865இல் மனநலக் காப்பகத்தில் இறந்துபோனார். அவர் சொன்னதை உலகம் அன்றே ஏற்காததற்கு எழுத்துதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். எழுத்தும் ஒரு காரணம்.

வீட்டில் நாம் எழுதும் முடிவுரைகள்

அப்பா, அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாதத் தேர்வில் 35 வாங்கிவிட்டால் ‘இவளுக்குக் கணக்கு வராது’ என்று நாம் சொல்கிறோமே, அது எத்தனை தாள்களைப் பார்த்து எழுதிய முடிவு? எந்தக் கணக்கு, எந்த இடத்தில் நின்றது, அந்த வாரம் காய்ச்சலா, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா? ஒரு தகப்பனார் என்னிடம், “எட்டாவதுலேயே முடிவு பண்ணிட்டோம் மிஸ்” என்றார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது கண்ணாடி. ஒரு வருஷம் வீணானது. பிள்ளையைப் பற்றி நாம் உரக்கச் சொல்லும் முடிவை அந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்துகொள்கிறது.

சாப்பிடும்போது பேசிப் பாருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது மருத்துவக் குறிப்பு வந்திருக்கும். “இது எப்படித் தெரிஞ்சுதாம்? வேற எதனால இருக்கலாம்? எவ்வளவு தூரம் நம்பலாம்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படுத்தாதீர்கள். ‘தெரியாது’ என்று சொன்னால் திட்டாதீர்கள். என்றைக்காவது பிள்ளை உங்கள் முடிவையே திருப்பிக் கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது.

பின்னால் உட்கார்ந்த அந்தப் பெண் அன்றைக்கு ஏன் வாயே திறக்கவில்லை என்பதைப் பொதுத் தேர்வுக்குச் சில நாள் முன்பு, தானாகவே வந்து சொன்னாள். “டியூஷன் தாளைக் கையில பார்த்தா கிழிச்சுப் போடுவேன்னு நீங்க சொல்லியிருந்தீங்க மிஸ். உண்மையைச் சொன்னா எங்க ரெண்டு பேர் தாளும் போயிடும்னு பேசாம இருந்துட்டேன்.” அவள் மௌனத்துக்கு அப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அந்த மேட்டூரைத் திறந்துவிட்டதே நான்தான்.

திருப்புதல் தேர்வில் அவள் எழுதிய கட்டுரை குடிநீர்ச் சிக்கனம் பற்றியது. தன் தெருவில் இருக்கும் நாலு குழாய்களை ஒரு வாரம் பார்த்து எழுதியிருந்தாள். முடிவுரை மூன்றே வரி. தன் தெருவில் தண்ணீர் வீணாவதற்கு உடைந்த குழாயும் ஒரு காரணம் என்றும், மற்ற தெருக்களைத் தான் பார்க்கவில்லை என்றும், பார்த்த பிறகுதான் ஊரைப் பற்றி எழுத முடியும் என்றும். பழமொழி இல்லை, ‘பாடுபடுவோம்’ இல்லை. சக ஆசிரியை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “முடிவுரை முழுசா இல்லையே, அரை மதிப்பெண் குறைச்சுடு” என்றார்.

குறைக்கவில்லை.